எண்ணெய்த் தொட்டியில் ரோபோ ஏற்றப் போகிறீர்களா? முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் முதல் வேலையில் ரோபோவைப் பெட்டியிலிருந்து எடுத்து, கேபிள் மாட்டி, தொட்டியின் சுவரில் ஒட்டவைக்க அரை மணி நேரம் ஆனது. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் போய் நிற்க எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. ரோபோவை ஓட்டுவது எப்படி என்று விற்றவர்கள் மூன்று நாள் சொல்லிக்கொடுத்தார்கள். ஏழு வாரத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கையில் அல்ட்ராசோனிக் கருவி வைத்துக்கொண்டு தடிமன் அளக்கும் வேலை செய்துவரும் சிறிய நிறுவனங்களுக்கான கட்டுரை இது. கிராலர் எனப்படும், காந்தச் சக்கரத்தால் சுவரில் ஒட்டி ஊரும் ரோபோ ஒன்றை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ, சுத்திகரிப்பு ஆலைகளிலும் எண்ணெய் முனையங்களிலும் நுழையப் பார்க்கிறவர்கள் நீங்கள் என்று வைத்துக்கொள்கிறேன். எண்ணெய் உள்ளே இருக்கும்போதே வெளிப்புறமாக ஏறி ஷெல்லின், அதாவது தொட்டிச் சுவரின், தடிமன் அளக்கும் வேலையைத்தான் பெரும்பாலும் சொல்லப்போகிறேன். முதல் வேலைக்கு அதுதான் சரி. தொட்டிக்குள்ளே நுழையும் வேலையை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

1. விலை சொல்வதற்கு முன் தொட்டியைப் பாருங்கள்

போனில் தொட்டியின் விட்டமும் உயரமும் கேட்டு விலை அனுப்பாதீர்கள். நாங்கள் அனுப்பினோம். 40 மீட்டர் விட்டம், 14 மீட்டர் உயரம், எட்டு இடத்தில் கீழிருந்து மேலே செங்குத்துக் கோடாக அளக்க வேண்டும். கேட்க எளிதாக இருந்தது. போய்ப் பார்த்தால் தொட்டியைச் சுற்றி மூன்று வளையமாகத் தீயணைப்பு நீர்க் குழாய். கிராலர் ஒவ்வொரு வளையத்திலும் போய் முட்டிக்கொண்டு நின்றது.

பார்க்க வேண்டியவை இவை. சுவர் கார்பன் ஸ்டீல்தானா? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகைகள் பலவற்றில் காந்தம் ஒட்டாது. மேலே இன்சுலேஷன் போட்டிருக்கிறதா? பர்னஸ் ஆயில், பிட்டுமன் போன்ற சூடான சரக்குத் தொட்டிகளில் அலுமினியத் தகடு மூடியிருக்கும். அங்கே இந்த ரோபோவுக்கு வேலையே இல்லை. மிதக்கும் கூரைத் தொட்டி என்றால் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, காற்றில் சுவர் வளையாமல் தாங்கும் விண்ட் கர்டர் என்ற இரும்பு வளையம் ஓடும். அதைக் கிராலர் தாண்டாது. அதற்கு மேலே உள்ள பகுதியை எப்படி அளக்கப்போகிறோம் என்பதை அப்போதே எழுத்தில் பேசிவிடுங்கள்.

அப்புறம் பெயின்ட். பெயின்ட் கொப்பளித்து, அதற்கு அடியில் துரு செதிலாகக் கிளம்பியிருந்தால் காந்தத்துக்கும் இரும்புக்கும் இடையில் இடைவெளி விழும். இடைவெளி கொஞ்சம் கூடினாலே பிடி வெகுவாகக் குறைந்துவிடும். கரண்ட் போனாலும் நிரந்தரக் காந்தம் பிடித்துக்கொண்டிருக்கும், பயமில்லை என்பார்கள். கரண்டைப் பொறுத்தவரை அது உண்மை. துருச் செதில் உரிந்து வந்தால் செதிலோடு சேர்ந்து ரோபோவும் வரும். மேலிருந்து பாதுகாப்புக் கயிறு கட்டாமல் ஒருபோதும் ஏற்றாதீர்கள். கயிறு கட்டத் தொட்டி உச்சியில் உறுதியான இடம் இருக்கிறதா என்பதையும் இந்த முதல் பயணத்திலேயே பாருங்கள்.

போகும்போது முந்தைய ஆய்வு அறிக்கையை ஒரு முறை புரட்டக் கேளுங்கள். பெரும்பாலும் அளவுகள் எல்லாம் சுழல் படிக்கட்டை ஒட்டியே இருக்கும். கை எட்டிய இடம் அதுதான். மற்றப் பக்கங்களில் கீழ் வரிசைத் தகடுகளை மட்டும் அளந்திருப்பார்கள், ஏனென்றால் மேலே போகச் சாரம் கட்ட வேண்டும். 40 மீட்டர் விட்டமுள்ள தொட்டியின் சுற்றளவு ஏறத்தாழ 126 மீட்டர். அதில் படிக்கட்டு ஓடும் பக்கத்தைத் தவிர மற்ற இடத்தின் மேல்பகுதியைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. உங்கள் ரோபோவை விற்க இதைவிட நல்ல வாதம் கிடைக்காது. வேகம், செலவு என்று ஆரம்பிக்காமல் இதிலிருந்து ஆரம்பியுங்கள்.

2. ‘எக்ஸ்’ எனப்படும் வெடிப்புத் தடுப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்ற கேள்விக்குத் தயாராகுங்கள்

தீப்பிடிக்கும் வாயு எப்போதும் இருக்கும் இடம் சோன் 0, இயல்பான இயக்கத்தில் வரக்கூடிய இடம் சோன் 1, ஏதாவது தவறு நடந்தால் மட்டும் சிறிது நேரம் வரக்கூடிய இடம் சோன் 2. தொட்டியின் உட்புற ஆவிப் பகுதி சோன் 0, ஆவி வெளியேறும் வென்ட் வாயைச் சுற்றி சோன் 1, ஷெல்லைச் சுற்றிய வெளி பெரும்பாலும் சோன் 2. ஊகிக்காமல் அந்த ஆலையின் ஏரியா கிளாசிஃபிகேஷன் வரைபடத்தை, அதாவது எந்த இடம் எந்த சோன் என்று காட்டும் படத்தை, கேட்டு வாங்குங்கள்.

சந்தையில் உள்ள கிராலர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பகுதிகளுக்கான வெடிப்புத் தடுப்புச் சான்றிதழ் கிடையாது. விற்பவர் ‘ஐ.பி. 67’ என்று ஒரு காகிதத்தைக் காட்டுவார். அது தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது என்பதற்கான சான்று. வெடிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதல் கூட்டத்திலேயே நான் அந்தக் காகிதத்தைப் பெருமையாக நீட்டி, பாதுகாப்பு அதிகாரி சிரிக்காமல் திருப்பிக் கொடுத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சான்றிதழ் இல்லை என்றால் வழி அடைபட்டுவிடாது. தீப்பொறி வரக்கூடிய வேலைக்கான ஹாட் ஒர்க் பெர்மிட்டின் கீழ், வாயு அளந்து, தொடர்ந்து கண்காணித்துக்கொண்டு வேலை செய்ய விடுவார்கள். அதை முதல் நாளே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். மறைத்து, பெர்மிட் மேசையில் தெரிய வந்தால் நம்பிக்கை போய்விடும்.

இன்னொன்று, யாரும் சொல்லித்தராதது. நிலையான கூரைத் தொட்டிக்குள் சரக்கு ஏறும்போது, உள்ளே இருக்கும் ஆவி வென்ட் வழியாக வெளியே தள்ளப்படும். காலையில் பூஜ்யம் காட்டிய வாயு மீட்டர் மதியம் கப்பலிலிருந்து சரக்கு வாங்க ஆரம்பித்ததும் கத்தும். வேலை அன்றோடு நிற்கும். ஆகவே தேதி குறிக்கும் முன் ஆபரேஷன்ஸ் ஆட்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: அந்த வாரம் இந்தத் தொட்டிக்கு ரிசீப்ட், அதாவது சரக்கு வரவு, உண்டா?

3. ஆட்களுக்கான காகிதங்கள்

இதை வேலை ஆணை வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். காவல்துறை சரிபார்ப்புச் சான்றிதழ் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. கூடவே ஆதார், மருத்துவத் தகுதிச் சான்று, இ.எஸ்.ஐ., பி.எஃப். எண், தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. படி ஏறுகிறவருக்கு உயரத்தில் வேலை செய்ய அனுமதி. அதற்குத் தலைசுற்றல் சோதனை வைக்கிற இடங்களும் உண்டு. எங்களுக்கு இதற்கு மட்டும் மூன்று வாரம் போனது. ஒரு பையனின் ஆதார் முகவரியும் காவல்துறைக்குக் கொடுத்த முகவரியும் வேறாக இருந்ததில் ஒரு வாரம்.

தகுதிச் சான்று தனி. தடிமன் அளப்பவர் அல்ட்ராசோனிக் லெவல் 2 சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்ற தகுதி வழிகாட்டி முறைப்படிக் கேட்பார்கள். சான்றிதழ் பல வருடம் செல்லும், ஆனால் அதோடு இணைந்த கண் பரிசோதனை வருடத்துக்கு ஒரு முறை. கண் காகிதம் காலாவதியாகி, ஆள் வாசலில் நிற்பது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கிற கூத்து. அறிக்கையில் கையெழுத்துப் போட தொட்டி ஆய்வுக்கான ஏ.பி.ஐ. 653 சான்று பெற்ற ஆய்வாளர் வேண்டுமா, அவர் யார் தரப்பு ஆள் என்பதை வேலை ஆணையில் தெளிவாகப் பாருங்கள். உங்கள் தரப்பு என்றால் அவருடைய தினக்கட்டணம் உங்கள் கணக்கில்.

4. பொருட்களுக்கான காகிதங்கள்: கேமராதான் பெரிய பொறி

சுத்திகரிப்பு ஆலைக்குள் கேமரா கொண்டுபோகத் தடை. செல்போனையே வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். உங்கள் ரோபோவில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எனக் கேமரா இருக்கும். பொருள் பட்டியலில் ‘ஆய்வு ரோபோ – 1’ என்று மட்டும் எழுதிக்கொண்டு போனோம். காவலர் பெட்டியைத் திறந்து, லென்ஸைப் பார்த்து, மூடிவிட்டார். கேமரா அனுமதி தனி விண்ணப்பம். யார் இயக்குவார், எந்தத் தொட்டி, எத்தனை நாள், படங்கள் எங்கே சேமிக்கப்படும் என்றெல்லாம் கேட்டார்கள். நான்கு வேலை நாள் வாசலிலேயே போயிற்று.

லேப்டாப்புக்கும் இதே கதை. அதைவிட மோசம், பென் டிரைவ் அனுமதி இல்லை என்பது கடைசி நாள்தான் தெரிந்தது. பதிவான தரவை வெளியே எப்படி எடுத்துவருவது என்று உள்ளே போவதற்கு முன்பே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பக் கொண்டுவரும் பொருட்களுக்கு ரிட்டர்னபிள் கேட் பாஸ் போடுவார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள ஒவ்வொரு உருப்படியும் வரிசை எண்ணோடு இருக்கட்டும்: உதிரிச் சக்கரம், பேட்டரி, ஒலி அனுப்பும் புரோப், கருவியைச் சரிபார்க்கும் ஸ்டெப் வெட்ஜ் கட்டை, கயிறு. அளவுத்திருத்தச் சான்றிதழ் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலிருந்து வாங்கினால் கேள்வி வராது. வண்டி உள்ளே போக வேண்டும் என்றால் புகைக்குழாயில் தீப்பொறியைத் தடுக்கும், அங்கீகரிக்கப்பட்ட ஸ்பார்க் அரெஸ்டர் கட்டாயம். வாடகை டெம்போக்காரர் ‘இருக்கு சார்’ என்று சொல்வதை நம்பாதீர்கள், குனிந்து பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து காந்தச் சக்கரம் தருவிக்கிறவர்களுக்கு ஒரு வரி. வலுவான காந்தத்தை விமானச் சரக்கில் அனுப்ப ஆபத்தான பொருள் விதிகள் உண்டு. பெட்டிக்கு வெளியே காந்தப்புலம் எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பார்கள். சரியாக உறையிடாமல் அனுப்பிய சக்கரம் அங்கேயே தங்கிவிடும். உதிரிச் சக்கரத்தை முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

5. விலை போடும்போது

ரோபோ ஓடும் நேரத்துக்கு விலை போட்டால் நஷ்டப்படுவீர்கள். முதல் வேலையில் பதினொரு நாள் உள்ளே போனோம்; சக்கரம் உருண்டது எல்லாம் சேர்த்து ஒன்பது மணி நேரம். மீதி பெர்மிட், மழை, ரிசீப்ட், சாப்பாடு. எனவே விலைப்புள்ளியில் மூன்று வரி தனித்தனியாக இருக்கட்டும்: ஆளும் கருவியும் வந்துசேரும் செலவு, ஒரு தொட்டிக்கான கட்டணம், வேலை நம்மால் இல்லாமல் நின்றால் ஒரு நாளைக்கு இவ்வளவு என்ற ஐடில் கட்டணம். மூன்றாவதைப் பார்த்ததும் பர்ச்சேஸ் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். தொகையைக் குறைத்துக்கொடுங்கள், ஆனால் அந்த வரியையே அடித்து நீக்கிவிடாதீர்கள். நாங்கள் நீக்கினோம். மூன்று பேருக்கு லாட்ஜ் வாடகையும் சாப்பாடும் லாபத்தைத் தின்றுவிட்டன.

பொதுத்துறை டெண்டர் என்றால் கிளாஸ் 3 டிஜிட்டல் கையொப்பம் வாங்கிவையுங்கள். உத்யம் பதிவு இருந்தால் குறு, சிறு நிறுவனங்களுக்கு ஈ.எம்.டி. எனப்படும் டெண்டர் முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு உண்டு. செக்யூரிட்டி டெபாசிட்டுக்கும் விலக்கு என்று நினைத்துவிடாதீர்கள், அந்தப் பணம் தனியாக வேண்டும். பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி. போடுவீர்கள். ஒப்பந்தம் 2.5 லட்ச ரூபாயைத் தாண்டினால் அவர்கள் ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். என்று 2 சதவீதம் பிடிப்பார்கள், வருமானவரி டி.டி.எஸ். அதற்கு மேலே. இரண்டும் பிறகு கணக்கில் வந்துவிடும், ஆனால் கையில் வரும் தொகை பில் தொகை அல்ல. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த 45 நாள் அறிக்கையை ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஓட ஆரம்பிக்கிறது என்று வாதாடுவார்கள், ஆகவே அறிக்கையைக் கொடுத்த தேதிக்கு முத்திரையோடு ஒப்புதல் வாங்குங்கள்.

6. பெர்மிட் நாள்

ஓ.ஐ.எஸ்.டி. 105 என்ற தரத்தை ஒட்டித்தான் நம் எண்ணெய் ஆலைகளின் பெர்மிட் முறை நடக்கிறது. அதை ஒரு முறை படித்துவிட்டுப் போங்கள், பேச்சே மாறும். காலையில் எட்டு மணிக்கு வரிசையில் நின்றால், ஷிஃப்ட் இன்சார்ஜ், ஏரியா இன்சார்ஜ், ஃபயர் அண்ட் சேஃப்டி என்று கையெழுத்து சேரப் பத்தரை ஆகும். மாலை ஐந்துக்கு மூட வேண்டும். நடுவில் சாப்பாடு. ஐந்து மணி நேரம் கிடைத்தால் நல்ல நாள்.

வேகப்படுத்த ஒரு வழி உண்டு. வேலை முறையையும் ஆபத்து மதிப்பீட்டையும் இரண்டு பக்கத்துக்குள் எழுதி, முந்தின நாள் மாலையே பாதுகாப்புப் பிரிவில் கொடுத்துவிடுங்கள். ரோபோ விழுந்தால் என்ன, கேபிள் அறுந்தால் என்ன, வாயு மீட்டர் கத்தினால் யார் எந்த சுவிட்சை அணைப்பார் என்று பெயரோடு எழுதுங்கள். கீழே எத்தனை மீட்டர் தடுப்பு நாடா கட்டுவோம் என்பதும் வேண்டும். கருவியைத் தொட்டியோடு எர்த் பண்ண ஒரு கிளாம்பும், மின் இணைப்புக்கு மின்கசிவு வந்தால் துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி.யும் கையோடு இருக்கட்டும். இல்லை என்றால் அதற்காக ஒரு நாள் போகும்.

7. அளப்பது

இதில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

முதலாவது பெயின்ட். இரும்பில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் போகும், பெயின்டில் அதில் பாதிக்கும் குறைவு. கருவி எல்லாவற்றையும் இரும்பு என்றே நினைத்துக் கணக்குப் போடும். 0.3 மில்லிமீட்டர் பெயின்ட் 0.7 மில்லிமீட்டர் இரும்பாகத் தெரியும். எங்கள் முதல் நாள் தாளில் 8 மில்லிமீட்டர் மேல்வரிசைத் தகடு 8.5 என்று இருந்தது, அதுவும் இருபது வருடத்துக்கு மேல் ஓடிய தொட்டியில். அங்கிருந்த மூத்த ஆய்வாளர் தாளைப் பார்த்துவிட்டு, ‘ஏன் தம்பி, எங்க டேங்க் வளருதா?’ என்றார். இரும்பிலிருந்து அடுத்தடுத்துத் திரும்பும் இரண்டு எதிரொலிகளுக்கு இடைப்பட்ட நேரத்தை மட்டும் எடுக்கும் எக்கோ-டு-எக்கோ முறைக்கு மாற்றினால் பெயின்ட் கணக்கிலிருந்து விலகிவிடும். உள்ளே மோசமாகக் குழி விழுந்த இடங்களில் இரண்டாவது எக்கோ வராது. அந்த இடத்தைக் குறித்துவைத்து, பெயின்டைச் சுரண்டிக் கையால் அளக்க அனுமதி கேளுங்கள். உண்மையில் அந்த இடங்களுக்காகத்தான் உங்களை அழைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, ரோபோ எங்கே இருக்கிறது என்பது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துத்தான் அது உயரம் சொல்கிறது. ஒலி இரும்புக்குள் போகத் தெளிக்கும் தண்ணீர் வழியும் சுவரில் சக்கரம் வழுக்கும். மேலே போகப் போக அரை மீட்டர் வரை தள்ளிப்போனதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கிடை வெல்டைத் தாண்டும்போதும் வரைபடத்தில் உள்ள உயரத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். சக்கரத்தையும் அடிக்கடி இறக்கிப் பாருங்கள். துருத் தூளும் கிரைண்டிங் தூளும் ஒட்டி முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்து நிற்கும். துணியால் துடைத்தால் போகாது, இழுபடும். அகலமான பேக்கிங் டேப்பை அழுத்தி உரித்தால் பாளமாக வந்துவிடும்.

உச்சி வெயிலில் தகட்டில் கை வைக்க முடியாது, தெளிக்கும் தண்ணீர் உடனே காயும். கிழக்குப் பக்கத்தை மதியத்துக்கு மேலும், மேற்குப் பக்கத்தைக் காலையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

8. டிரோனும் கேட்டால்

கழிவு வாயுவை எரிக்கும் உயரமான ஃபிளேர் குழாயின் முனையை, அதை நிறுத்தாமலே பார்க்க டிரோன் நல்லது. ஆனால் அது வேறு உலகம். டிரோன் விதிகள் 2021-இன்படி டிரோனுக்குத் தனி அடையாள எண், இயக்குபவருக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தின் வழியாக ரிமோட் பைலட் சான்றிதழ், மூன்றாம் தரப்புக் காப்பீடு எல்லாம் வேண்டும். 2 கிலோவுக்கு உட்பட்ட மைக்ரோ டிரோனுக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம் என்று சிலர் சொல்வது வணிக நோக்கமில்லாத பறத்தலுக்கு மட்டும். நீங்கள் பில் போடுகிறீர்கள், ஆகவே வேண்டும். சான்றிதழுக்கான அரசுக் கட்டணம் 100 ரூபாய்தான், பயிற்சிக் கட்டணம்தான் கடிக்கும்.

வெளிநாட்டு டிரோனைப் பார்த்து ஆசைப்பட்டு முன்பணம் கட்டிவிடாதீர்கள். 2022 பிப்ரவரி முதல் டிரோன் இறக்குமதிக்குத் தடை. ஆராய்ச்சி, பாதுகாப்புத் துறைக்குத்தான் விலக்கு. முதல் வருடம் இந்த வேலையை ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கும் ஒருவருக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுத்துவிடுங்கள்.

9. அறிக்கை

ரோபோ பத்தாயிரக்கணக்கில் அளவுகளைத் தரும். அத்தனையையும் அட்டவணையாக அச்சடித்துக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் குறைந்த அளவு, சராசரி, அது சுவரில் எங்கே என்ற ஒரு படம். அதற்கு அடுத்து, முந்தைய அளவோடு ஒப்பிட்ட அரிப்பு வேகமும் மீதி ஆயுளும். உதாரணமாக, பத்து வருடம் முன் 8.0, இப்போது 7.2 என்றால் வருடத்துக்கு 0.08 மில்லிமீட்டர். ஆனால் அந்தப் பழைய 8.0 அதே இடத்தில் எடுத்ததா, பெயின்டோடு எடுத்ததா என்று பாருங்கள். படிக்கட்டிலிருந்து வலச்சுற்றாகப் புள்ளிகளுக்கு எண் போடும் வழக்கம் அந்த ஆலையில் இருந்தால், உங்கள் எண்ணையும் அப்படியே போடுங்கள். எங்கள் அறிக்கை இரண்டு முறை திரும்பி வந்தது இந்த எண் குழப்பத்தால்தான்; பணம் ஒன்றரை மாதம் தள்ளிப்போனது.

10. வெளியே வருவது

உள்ளே போன உருப்படி அத்தனையும் வெளியே வர வேண்டும், உடைந்ததும் சேர்த்து. எட்டாவது நாள் ஒரு சக்கரத்தில் காந்தம் விரிசல் விட்டது. உதிரியை மாட்டிவிட்டோம். பழையதை எங்கள் உதவியாளர் பையன் குப்பை என்று நினைத்துக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டான். கடைசி நாள் மாலை நாலரைக்குக் காவலர் பட்டியலை வைத்துக்கொண்டு எண்ணினார்: உள்ளே ஆறு சக்கரம், வெளியே ஐந்து. பெட்டியை மூட விடவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால் சக்கரம் இரும்பு டிரம்மின் அடியில் உட்கார்ந்து, விரிசல் விட்ட பிறகும் கை கொடுத்து எடுக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மரக்கட்டை ஒன்றை இடுக்கில் அடித்து, இரண்டு பேர் நெம்பி எடுத்தோம். அதற்குள் ஐந்தரை ஆகி ஸ்டோர் பூட்டிவிட்டார்கள். லாட்ஜில் இன்னொரு இரவு.